பத்துப் பருவமும் ஒரு சீயக்காய்க் குளியலும்

தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகக் கொண்டு, தாயின் கூற்றாகப் பத்துப் பருவங்களில் பாடப்படும் சிற்றிலக்கியமே பிள்ளைத்தமிழ். மகளோடு கழியும் பொழுதுகளை நுணுகிப் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய குமரகுருபரர் ஒரு துறவி என்பதை இலக்கிய வரலாறு சிரிக்காமலே பதிவுசெய்கிறது. கைகளை நிலத்தில் ஊன்றிக் குழந்தை தலையசைத்தாடும் செங்கீரைப் பருவத்திற்கு ஐந்தாம் மாதம் என்பது விதி (விதியைக் குழந்தைகளுக்கு யாரும் தெரிவிப்பதில்லை). பெண்பாற்குரிய நீராடற் பருவத்தில் தாய் நீராட அழைப்பாள். மகள் மறுமொழி கூற மரபில் இடமில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் கண்ணில் சீயக்காய் பட்ட ஏழு வயதுக்காரியோ தெருவுக்கே கேட்கும்படி மறுமொழி கூறுகிறாள். பள்ளி வேன் முனையில் ஹாரன் அடிக்க, ஒரு சடை பின்னி மறு சடைக்கு ரிப்பன் தேடும் வேளையில், காக்குமாறு தெய்வங்களை வேண்டும் காப்புப் பருவம் தாய்க்கே தேவைப்படுகிறது. ஆயினும் அதே தாய், கைப்பேசியில் பதிந்துவைத்த அவ்வலறலை நண்பகலில் அலுவலகத்தில் மீண்டும் மீண்டும் கேட்டு உருகுகிறாள். புலவர் சபையோரிடம் காட்டும் பணிவாகிய அவையடக்கம் மட்டும் அவளிடம் இல்லாமையால், பக்கத்து இருக்கைக்காரரும் அதைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.