பிரிண்டருக்கு ஒரு நிரந்தர முகவரி

பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவன் நான். போன ஞாயிற்றுக்கிழமை என் பிரிண்டருக்கு நிரந்தர முகவரி வாங்கிக் கொடுத்தேன்.

அதுவரை, நேற்று 192.168.1.7-இல் இருந்த பிரிண்டர் இன்று 12-க்குக் குடிபோயிருக்கும். 7-இல் மைத்துனரின் கைபேசி கால் நீட்டிப் படுத்திருக்கும். லேப்டாப், பாவம், பழைய வாசலிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் முகவரிகளை வாடகைக்குத்தான் விடுகிறது. டிஎச்சிபி என்று அதற்குப் பெயர். பல ரவுட்டர்களில் ஒப்பந்தக் காலம் 24 மணி நேரம். என் வீட்டுக்காரர் எவ்வளவோ தேவலை.

முதலில் ரவுட்டரிடம் சொல்லாமல், பிரிண்டரிலேயே ஓர் எண்ணைத் தட்டிவைத்தேன். பிரிண்டர் அணைந்திருந்த நேரம் பார்த்து, ரவுட்டர் அதே எண்ணை டிவிக்குக் கொடுத்துவிட்டது. ஒரே மனைக்கு இரண்டு பட்டா. நம் ஊருக்குப் புதிதா என்ன? பிறகுதான் முறைப்படி ரவுட்டருக்குள் போய், பிரிண்டரின் அடையாள எண்ணான மேக் எண்ணைக் காட்டி, 192.168.1.50-ஐ அதன் பெயரில் எழுதிவைத்தேன்.

“நிரந்தர முகவரின்னா ஆதார்ல போட்டுக்கலாமா மாப்பிள்ளை?” என்றார் மாமனார். போடலாம்தான், ஆனால் இந்த 192.168 வரிசை 1994-இல் உள்வீட்டுப் புழக்கத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. இதே 50 அடுத்த வீட்டிலும் இருக்கலாம். வாசலைத் தாண்டினால் செல்லாது.

பிரிண்டர் இப்போது 50-ஐ விட்டு அசைவதே இல்லை. மைதான் தீர்ந்துவிட்டது.