தகடூர் தரப்பு வக்கீல்

தர்மபுரிச் சீமையின் முதல் வக்கீல் யார் என்று எவராவது கேட்டால் பார் கவுன்சில் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. ஔவையார்தான். கட்சிக்காரர், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. வழக்கு இதுதான்: காஞ்சிப் பக்கத்துத் தொண்டைமான் படை கிளப்பப் பார்க்கிறான், ஔவை தூதாகப் போய் அவனைத் தடுக்க வேண்டும். எதிர்க்கட்சி தொண்டைமான், நீதிபதி தொண்டைமான், ஜூரியும் தொண்டைமானே. இப்படிப்பட்ட கோர்ட்டுக்கு வக்காலத்துப் போட இன்றைக்கு ஒரு ஜூனியர்கூட வரமாட்டார்.

அதியமான் கற்பனைப் பாத்திரம் என்று யாரும் ஆட்சேபம் கிளப்ப முடியாது. 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை மலைக் குகையில், அவன் பெயரை முழுசாகப் பொறித்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ‘சதியபுதோ’ என்ற பட்டமும் அதில் இருக்கிறது. அசோகச் சக்கரவர்த்தி தன் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்து எழுதினானே, அதே சத்தியபுத்திரர் குலம். இதைவிடப் பெரிய ஆவணச் சாட்சி எந்தச் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் வராது.

ஔவை என்றதும் 1953-இல் ஜெமினி எடுத்த படத்தின் கே.பி. சுந்தராம்பாளை, கோலும் திருநீறுமாக, நினைத்துக்கொள்கிறோம். ஆத்திசூடி பாடியவர் பிற்காலத்து ஔவை. சங்ககாலத்து அம்மாள் வேறு ரகம். அரசனோடு உட்கார்ந்து கள் குடித்தவர். யாரோ கட்டிவிட்ட கதை என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கள் கிடைத்தால் முழுவதையும் எனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்று, அதியமான் இறந்தபோது அவரே புறநானூற்றில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

ஃபீஸ் விவகாரமும் ஒன்று உண்டு. அதியமான் ஒருமுறை பரிசிலைத் தராமல் நாளைக் கடத்தினான். அம்மாள் வாயிற்காவலனைக் கூப்பிட்டு, உன் ராஜாவுக்குத் தன் தகுதி தெரியாதா, என் தகுதி தெரியாதா, எங்களுக்கு எந்தத் திசைக்குப் போனாலும் சோறு உண்டு என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டார். கொடுத்தனுப்பினால் போய்விடுவாரே என்றுதான் தாமதித்தான் என்று உரைகாரர்கள் மன்னனுக்காக வாதாடுவார்கள். பாக்கி வைக்கும் கட்சிக்காரர்கள் இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லும் காரணம் அது. பிறகு நெல்லிக்கனி வந்தது. எட்டாத மலைப்பிளவில் பறித்தது, தின்றால் நீண்ட ஆயுள். அந்தச் செய்தியைச் சொல்லாமலே அவர் கையில் கொடுத்துவிட்டான். கணக்கு நேரானது.

சரி, வாதத்துக்கு வருவோம். தொண்டைமான் செய்த பிழை ஒன்றே ஒன்று. வந்த தூதைத் தன் படைக்கலக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். பகைவனின் ஆளுக்கு ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டுவதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? பார்த்து மிரள வேண்டும். உள்ளே வேல்கள் வரிசையாக நிற்கின்றன. மயில்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பைத் திருத்தி, நெய் பூசி, ஆயுத பூஜைக்கு மறுநாள் லேத் பட்டறை இருப்பதுபோல.

“எப்படி அம்மா இருக்கிறது?” என்று மீசையை நீவியிருப்பான்.

“அடடா! பீலி என்ன, மாலை என்ன! எங்கள் ஆள் வேல்களைப் பார்க்கவே சகிக்காது, மன்னா. பகைவரைக் குத்திக் குத்தி நுனி ஒடிந்து, எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன.”

இந்த உரையாடலை நான் இட்டுக்கட்டினாலும் சரக்கு ஔவையுடையது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு, மொத்தம் ஒன்பதே அடி. அதில் ஓரிடத்திலும் ‘நீ தோற்பாய்’ என்றில்லை, மிரட்டல் இல்லை, ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்ற குழைவும் இல்லை. எதிர்க்கட்சி தாக்கல் செய்த சான்றையே எடுத்து, அதைப் புகழ்ந்து, அதன் கழுத்தை நெரித்த வேலை. நுனி ஒடியாத வேல் என்றால் போருக்குப் போகாத வேல் என்ற முடிவை அவர் சொல்லவில்லை. அதைத் தொண்டைமான் மண்டையே சொல்லிக்கொள்ள விட்டுவிட்டார். ஜூரி தானாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் உண்மையை ஜூரியே மறுக்காது.

கடைசி அடிகளில் இன்னொரு குசும்பு இருக்கிறது. எங்கள் மன்னன், கையில் இருந்தால் எல்லோருக்கும் சோறு போடுவான், இல்லாவிட்டால் இருப்பதை ஊரோடு உட்கார்ந்து உண்பான் என்கிறார். வேலைப் பற்றிய பேச்சில் சோற்றுக்கு என்ன வேலை என்று படிக்கிறவர் கேட்கலாம். பட்டினியிலும் கூடவே உட்காரும் தலைவனுக்காக உயிரை விட எத்தனை பேர் நிற்பார்கள் என்று தொண்டைமான் எண்ணிப் பார்க்கட்டும் என்பதற்கு, அவ்வளவுதான்.

இந்தச் சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது. ஏதென்சில் சுமார் 500 பேர் கொண்ட ஜூரி, பெரும்பான்மை வாக்கில் சாக்ரடீசைக் குற்றவாளி என்றது. உனக்கு என்ன தண்டனை தரலாம், நீயே சொல் என்றதற்கு, அரசுச் செலவில் ஆயுள் முழுக்க விருந்துச் சாப்பாடு போடுங்கள் என்றார் மனுஷன். நஞ்சுதான் கிடைத்தது. ஔவை உடன் போயிருந்தால் முதலில் ஜூரிகளின் மேலாடையைப் புகழ்ந்திருப்பார்.

நம்மூரிலும் ஜூரிகள் இருந்தார்கள். 1945-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒன்பது ஜூரிகள் முன்னால் நடந்தது. கூண்டில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். பம்பாயிலிருந்து கே.எம். முன்ஷி வந்து, அவர்களோடு கூண்டில் நின்ற ஸ்ரீராமுலு நாயுடுவை விடுவித்துக்கொண்டு போனார். மற்ற இருவருக்கும் ஆறுக்கு மூன்று என்று ஜூரி கையை விரித்தது, ஆயுள் தண்டனை. ‘ஹரிதாஸ்’ படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பாகவதரை ஒரு பாட்டுக்கூடப் பாடவிடாமல் இறுதி வாதத்தை முடித்த வக்கீல்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல்தான் இருவரும் வெளியே வந்தார்கள். பிறகு 1959-இல் நானாவதி வழக்கில் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவிக்க, நீதிபதி அதை ஒப்புக்கொள்ளவே மறுத்தார். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு நாற்காலியே போடவில்லை.

தொண்டைமான் என்ன தீர்ப்புச் சொன்னான்? பாட்டு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. போர் நின்றது என்பது வழிவழியாக வரும் பேச்சு. தகடூரைக் கடைசியில் அடித்தவன் அவன் இல்லை, பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் யாருக்கும் கொட்டிலைத் திறந்து காட்டவில்லை. நேராக வந்தான், கோட்டை விழுந்தது. அதன் பேராலேயே ‘தகடூர் எறிந்த’ என்று பட்டமும் சூட்டிக்கொண்டான்.

சேரன் தரப்பில் பேசியவர் அரிசில் கிழார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவருடையது. தோற்ற பக்கத்தில் விழுந்த எழினிக்கும் புறநானூற்றில் ஒரு இரங்கல் பாட்டு எழுதிக் கொடுத்த நாகரிகமான மனிதர். அவருக்குக் கிடைத்த ஃபீஸைக் கேட்டால் தகடூர்க்காரர்களுக்கு இன்றும் வயிறு எரியும். ஒன்பது லட்சம் பொற்காசும், கூடவே சேரன் அரியணையும். அரியணையை நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சர் பதவியை வாங்கிக்கொண்டாராம். கோர்ட்டிலிருந்து நேராகக் கோட்டைக்குப் போவதை நம் வக்கீல்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.