ஓடாத வண்டிக்கு எகத்தாளம் எச்சு

வண்டி வாங்குனது நல்ல காரியம் கண்ணு. நம்மூட்டுல காசு ரொம்ப நாளாத் தேங்கி நின்னுட்டிருந்துது. ஊசிப் போயிருமோன்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம். இனி அந்தப் பயமில்லை. உங்கம்மாயிதான் பொலம்புனா, ஏழு லட்சத்துக்கு மேல போட்டு நிஞ்சா 650-ன்னு என்னத்தையோ புடிச்சுட்டு வந்திருக்கறானே, அந்தக் காசுக்குத் தோட்டத்துல ஒரு போர்வெல் போட்டு மோட்டாரும் எறக்கியிருக்கலாமேன்னு. நாந்தான் அடக்குனேன். போரு போட்டாத் தண்ணி வருமோ வராதோ, இது பெட்ரோல் குடிக்கறது நிச்சயம்னேன்.

கணக்கும் பாத்துட்டேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்கும் இருக்கற வண்டிக்கு ஜிஎஸ்டியை 18 சதமாக் கொறைச்சாங்க. அதுக்கு மேல போனா 40. நீ கொறைச்ச பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. நேரா 649 சிசி. மூணாம் மனுசன் இன்சூரன்சுக்கு 2022-ல போட்ட ரேட்டுப்படி என் எக்ஸெல் 100-க்கு வருசத்துக்கு 714 ரூவா, உன் வண்டிக்கு 2,804. கொடுக்கறவன் கொடுக்கோணும்; அப்பத்தான் நாட்டுல ரோடு போட முடியும். அந்த ரோட்டுல உன்னை உடுவாங்களாங்கறது வேற நாயம். பெங்களூர்-மைசூர் பெரிய ரோட்டுல 2023 ஆகஸ்டு 1-லிருந்து ரெண்டு சக்கர வண்டிக்கு எடமில்லை. டிராக்டர், ஆட்டோ, மோட்டாரில்லாத வண்டி, அப்பறம் 68 குதிரை பூட்டுன நீ, எல்லாரும் ஒரே பட்டியல். பக்கத்து ரோட்டுல ஆட்டோக்காரனுக்குப் பொறவால போ சாமி. அவனாவது நேரத்துக்குப் போய்ச் சேருவான்.

கெடக்குது. அவ்வளவு தொலைவு போறதுக்கு வாங்குன வண்டி, இப்ப எங்க போகுது? நீ பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டறே, வண்டி நம்ம சாளைல, கட்டுத்தறிக்குப் பக்கத்துல போர்வைய மூடிட்டு நிக்குது. சனிக்கெழமை வந்தா எடுப்பே. பேக்கரி வரைக்கும் போவே. ஒரு டீ, ஒரு பப்ஸ், நாலு பேரு கேக்கற நாலு கேள்வி: எவ்வளவு, என்ன மைலேஜ், என்ன ஸ்பீடு, எதுக்கு? மொத மூணுக்கும் நல்லா பதில் சொல்றே.

அந்தப் பேக்கரி சவாரிதான் எஞ்சினுக்குக் கேடு. சித்தெ ஓடி நிறுத்துனா ஆயில் முழுசாச் சூடேறாது. எரியறப்ப உண்டாகற ஈரம் ஆவியாகாம ஆயிலோடயே கலந்து கெடக்கும். எரியாத பெட்ரோலும் அதோட சேரும். ஒரே மூச்சா நூறு மைலு ஓடுன வண்டிதான் உள்ள சுத்தமா இருக்கும். அதனாலதான் ஓட்டுனாலும் ஓட்டாட்டியும் வருசத்துக்கொருக்கா ஆயிலும் பில்டரும் மாத்தச் சொல்றான். கிலோமீட்டரே ஆகலையேன்னு நீ சிரிச்சே. ஆகாததுதாண்டா சங்கடமே.

ஆயில்னதும் ஞாபகம் வருது. போன தடவை, ‘டிராக்டருக்கு வாங்குன ஆயில் அரை டப்பா மிச்சமிருக்குது, ஊத்தட்டுமா?’ன்னு கேட்டேனே, உன்னைச் சோதிச்சுப் பாக்கத்தான் கேட்டேன். நீ போனைப் பாத்துட்டே ‘சரி அப்புச்சி’ன்னுட்டே! உன் வண்டில கிளட்ச்சுத் தட்டு எஞ்சின் ஆயில்லதான் முங்கிக் கெடக்குது. வழுக்கற சரக்குச் சேத்த காரு ஆயில ஊத்துனா எஞ்சின் சுத்தும், வண்டி நகராது. டப்பாவுல ஜேசோ எம்ஏ, இல்லாட்டி எம்ஏ2-ன்னு போட்டிருக்கோணும், 10டபிள்யூ-40. உன் வண்டிய என்கிட்டயிருந்து காப்பாத்துனது நாந்தான்னு தெரிஞ்சுக்க.

ஆனா எஞ்சினப் பத்தி எனக்குப் பெருசாக் கவலையில்லை. 2006 வாக்குல வந்த 650ஆர்லிருந்து தட்டித் தட்டிச் சரி பண்ணிட்டே வந்த ரெட்டை சிலிண்டரு அது. வெர்சிஸ் 650-லயும் வல்கன் எஸ்லயும் அதையேதான் வெச்சிருக்கறான். உன்னைக் காட்டிக் குடுக்கப் போறது சங்கிலி.

பொஸ்தகத்துல 600 கிலோமீட்டருக்கொருக்கா சங்கிலிக்கு எண்ணெய் போடு, 1,000-த்துக்கொருக்கா தொய்வு பாருன்னு எழுதியிருக்குது. மழைல நனைஞ்சா அன்னைக்கே. நீ என்ன பண்ணுனே? பெட்ரோல ஊத்திக் கம்பி பிரஷ்ல தேய் தேய்னு தேச்சுப் பளபளன்னு ஆக்கி, போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புனே. கண்ணிக்குக் கண்ணி சின்னதாக் கறுப்பு ரப்பர் வளையம் இருக்குதே, பாத்தியா? உள்ளுக்குள்ள கம்பெனியில வெச்ச கிரீஸ வெளிய உடாமப் புடிச்சிருக்கறது அதுதான். பெட்ரோலும் கம்பியும் பட்டா அது வெடிச்சுப் போகும். கிரீஸ் ஒழுகும், மண்ணு உள்ள போகும், அப்பறம் நீ மேல எத்தனை வாசனை எண்ணெய் அடிச்சாலும் பொணத்துக்குப் பூச்சூடுன கதைதான்.

மண்ணெண்ணெய், மெத்துன்னு ஒரு பிரஷ்ஷு, உங்கம்மாயிக்குத் தெரியாம கிழிச்ச பழைய வேட்டி. இது போதும். தொடைச்சு ஈரம் காஞ்சதும், 90-ஆம் நம்பர் கியர் ஆயில சங்கிலியோட உள்பக்கமா, அடிச்சுத்துல உடோணும். சக்கரம் சுத்தறப்ப அதுவே வெளிப்பக்கம் வந்துரும். மிச்சத்தத் தொடைச்செடு, இல்லாட்டி ஊரு மண்ணெல்லாம் அதுலதான். சக்கரத்தக் கையிலதான் சுத்தோணும். எஞ்சின ஓட உட்டு, கியர்ல போட்டுச் சுத்தற சங்கிலில துணியப் புடிச்சு வெரலக் குடுக்கறவனும் இருக்கறான். நீ அப்பறம் கம்ப்யூட்டர் தட்டறதுக்கு வெரலு வேணும் பாரு.

தொய்வு பாக்கறதுன்னா, ரெண்டு பல்சக்கரத்துக்கும் நடு மத்தியில வெரல வெச்சு மேலயும் கீழயும் அசைச்சா ரெண்டிலிருந்து மூணு சென்டிமீட்டர் ஆடோணும். ஒரே எடத்துல பாத்துட்டு எந்திரிக்காத. சங்கிலி எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தேயாது; சக்கரத்தச் சுத்திச் சுத்தி எங்க எச்சா இறுகுதோ அங்க அளவெடு. இறுக்கமா வெச்சா வண்டி துள்ளாதுன்னு உன் சிநேகிதன் சொன்னானாமா. மனுசன் ஏறி உக்காந்து, பள்ளத்துல எறங்குனா, பின் சக்கரம் மேல வந்து சங்கிலி இன்னும் இறுகும். முன் பல்சக்கரத்து பேரிங்கு அழுவும். அந்தச் சிநேகிதன்கிட்டயே பேரிங்குக்குக் காசு கேளு. பல்லு நுனி வளைஞ்சு கொக்கி போட ஆரம்பிச்சுதுன்னா சங்கிலியும் ரெண்டு பல்சக்கரமும் ஒட்டுக்கா மாத்தோணும். ஒண்ணை மட்டும் மாத்தி மிச்சம் புடிச்சவன் மறுவருசம் மூணையும் வாங்குவான்.

இதுல ஒரு வேடிக்கை. என் எக்ஸெல்லுக்கு நடு ஸ்டேண்டு கம்பெனியிலயே வருது. உன் வண்டிக்குக் கெடையாது. பின் சக்கரத்தத் தூக்கறதுக்கு பேடாக் ஸ்டேண்டுன்னு தனியா வாங்கோணும். ஸ்பார்க் பிளக் பாக்கோணும்னா நான் குனிஞ்சாப் போதும்; நீ பெட்ரோல் டேங்கையே கழட்டோணும். அதுக்கு முந்தி பிளாஸ்டிக்குச் சட்டையெல்லாம் உரிக்கோணும். அந்தச் சட்டைல இருக்கற சின்னச் சின்னக் கிளிப்பு ஒண்ணாவது கோழி கொத்திட்டுப் போயிரும். ஒரு டப்பா வாங்கி வெச்சுக்க. பிரேக் லீவர், கிளட்ச் லீவரும் ஒவ்வொண்ணு வாங்கி சீட்டுக்கடியில போட்டு வை. ஒடிஞ்சா நம்ம ஊரு கடைல தொங்கறதில்லை.

ஒடியுமான்னு கேக்காத, ஒடியும். 196 கிலோ. ஓடறப்ப அது எவனையும் தள்ளாது, நிக்கறப்பதான் தள்ளும். மழை பேஞ்ச வாசல்ல சைடு ஸ்டேண்டப் போட்டுட்டு உள்ள காப்பி குடிக்கப் போனியே, திரும்பி வர்றதுக்குள்ள ஸ்டேண்டு மண்ணுல முக்கா வெரக்கடை எறங்கியிருந்துது. நாந்தான் ஒரு தட்டைக் கல்ல எடுத்து அடியில குடுத்தேன். அந்தக் கல்லு அங்கயேதான் கெடக்குது. அதையும் கழுவி சலவைக்கல்லு பதிச்சராத. உழுந்தே போச்சுன்னா, முன்னால நின்னு கட்டிப்புடிச்சுத் தூக்காத, இடுப்பு போயிரும். வலப்பக்கம் சாஞ்சிருந்தா மொதல்ல சைடு ஸ்டேண்ட விரிச்சு வை, கியர்ல போடு. அப்பறம் முதுகை சீட்டுல குடுத்துக் குத்தவெச்சு, ஒரு கை ஹேண்டில்பாரு, ஒரு கை பின்னால புடி; காலால எந்திரிச்சுப் பொறவால நட. சுத்தி நின்னு போன்ல புடிக்கறவங்களையும் ஒரு கை குடுக்கச் சொல்லு. குடுக்க மாட்டாங்க, இருந்தாலும் கேளு.

ரேடியேட்டருக்கு நம்ம போர்த்தண்ணி வேண்டாம் சாமி. குடத்துலயே வெள்ளையாப் படியற தண்ணி, அந்தச் சின்னக் குழாய்க்குள்ள என்ன பண்ணும்? கூலண்டுதான் ஊத்தோணும், மூணு வருசத்துக்கொருக்கா மாத்தோணும். சூடா இருக்கறப்ப மூடியத் தொறக்காத. மருந்தடிக்கற பம்புல ரேடியேட்டரக் கழுவறதையும் உடு; அந்தத் தகடு வளைஞ்சா காத்து போகாது. காலுக்கு அனலடிக்குதுன்னு அப்பறம் என்கிட்டதான் வருவே.

டயரும் அப்பிடித்தான். முன்னால 32, பின்னால 36, வெடியால வண்டி குளுந்திருக்கறப்ப பாக்கோணும். பஞ்சர் கடைக்காரர் கட்டை வெரல்ல அமுத்தி ‘செரியா இருக்குதுங்க’ன்னு சொல்றது டிராக்டருக்குப் பத்தும். டயரு பக்கவாட்டுல நாலு நம்பரு இருக்கும். 2319-ன்னா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது. டயர்க் குழி ஆழமா இருக்குதுன்னு நீ பெருமைப்படறே. ஓட்டாதவன் டயர்ல குழி ஆழமாத்தான் இருக்கும். ரப்பரு மட்டும் கட்டை ஆயிருக்கும்.

இவ்வளவும் சொல்றது, ஒருக்காவாவது ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுவேங்கற ஆசைல. கொண்டை ஊசி வளைவு 40. கொல்லிமலைன்னா 70, அது அடுத்த வருசத்துக்கு வெச்சுக்க. ஏறுறது யாரும் ஏறிருவான், எறங்கறப்பதான் பாக்கோணும். பிரேக் ஆயிலு காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சுட்டே இருக்கும். ரெண்டு வருசத்துக்கு மேல மாத்தாம உட்டா, மலை எறங்கறப்ப சூட்டுல அந்த ஈரம் கொதிச்சு ஆவியாகி, லீவரு ஹேண்டில்பாரு வரைக்கும் வந்துரும். கீழ வர்றப்ப ரெண்டாங்கியர்ல போட்டு எஞ்சினையே புடிக்க உடு. காலு பிரேக்க மிதிச்சே எறங்காத. ஒம்பதாவது வளைவுல... அது கெடக்கட்டும், ஏதோ ஒரு வளைவுல எதுக்க பஸ்ஸு முழு ரோட்டையும் அடைச்சுட்டுத்தான் வரும். ஆரன் அடிச்சுட்டு ஒதுங்கி நில்லு. பஸ் டிரைவருக்கு உன் வண்டி வெலை தெரியாது.

சரி, நீ நாளைக்குப் பெங்களூரு போயிருவே. வண்டி நின்னா மொதல்ல சாகறது பேட்டரி. கடியாரம், அது இதுன்னு என்னமோ ரவ்வும் பகலும் அதுல கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிட்டே இருக்குது. ரெண்டாவது எலி. சோளத்தட்டுப் போர் பக்கத்துலயே இருக்குது, உன் ஒயரு அதுங்களுக்குப் பலகாரம். மூணாவது டேங்கு. இப்ப பெட்ரோல்ல 20 சதம் எத்தனாலு, அது ஈரத்த இழுக்கும்; அதனால நிரப்பிட்டுப் போ, கழுத்து வரைக்கும். திரும்பி வர்றப்ப கொஞ்சம் கொறைஞ்சிருந்தா கேள்வி கேக்காத. வெய்யக் காலம், ஆவியாப் போயிருக்கும்.

நின்ன எடத்துல பத்து நிமிசம் எஞ்சின ஓட்டறதுல ஒரு பிரயோசனமும் இல்லை. முன்னயே சொன்னனே, ஈரந்தான் சேரும். முக்கா மணி நேரமாவது ரோட்டுல போயிட்டு வரோணும். உங்கம்மாவுக்கு ஸ்கூட்டரே தடுமாறுது. உங்கப்பனுக்கு எங்க நேரம்? இந்த வயசுல நான் என்னத்தப் பண்றது, அந்தக் காலத்துல எடுத்த கியர் வண்டி லைசென்சத் தவறாமப் புதுப்பிச்சு வெச்சிருக்கறேன், அவ்வளவுதான். சீட்டு ஒசரம் 790 மில்லிமீட்டர், எனக்குக் காலு ரெண்டும் தரைல தட்டையாப் பதியுது, பதியும்னு தோணுது.

சாவிய உங்கம்மாகிட்டக் குடுக்காத, எங்கயாவது வெச்சுட்டுத் தேடுவா. என்கிட்ட இருக்கட்டும். அப்பறம் அடுத்த வாரம் வர்றப்ப ஹெல்மெட்டு ஒண்ணு வாங்கிட்டு வா, உன்னுதவிட ஒரு சைசு பெருசா. உன்னுது போட்டா வால்பாறை ரோட்டுல அட்டகட்டி தாண்டறதுக்குள்ள ரெண்டு காதும் வலிக்குது.