ஹெட்ஷாட் தம்பி

தென்காசிப் பக்கம் சீசன் என்றால் ஜூன் மாதச் சாரல். நம்ம ஹெட்ஷாட் தம்பிக்கு பிஜிஎம்ஐ என்ற போன் கேமில் புது சீசன் தொடங்கும் நாள்தான் சீசன். குற்றாலப் பேரருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும். ஆள் கரையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை பாலிதீன் பைக்குள் போட்டு ஆடிக்கொண்டிருப்பான். 2020 செப்டம்பரில் அதன் பழைய அவதாரமான பப்ஜியைத் தடை செய்தபோது, பிள்ளைக்கு பிரானூர் பார்டர் புரோட்டாகூடத் தொண்டையில் இறங்கவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

கெட்டவன் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பாட்டிமார் நின்றால் முதல் ஆளாய் எழுந்திருப்பான். கேமில் பெண் குரல் கேட்டால் மட்டும் உள்ளே இருக்கும் தாசில்தார் விழித்துக்கொள்வார். “எத்தனை வருசமா ஆடுதீங்க? என்ன ரேங்க்? அக்கவுண்டு உங்களதா, அண்ணனதா?” விசாரணை முடிவதற்குள் அந்தப் பெண் இவனைச் சுட்டுவிட்டால், நெட்டு சரியில்லை.

ஆடுகிற பெண்ணுக்கே இந்தப் பாடு. கேமை உருவாக்குகிற பெண்களுக்கு அவன் தனிச் சட்டமே வைத்திருக்கிறான். கேம் பிரமாதம் என்றால் கம்பெனி செய்தது. சொதப்பல் என்றால் யாரோ ஒரு பெண் செய்தது.

தம்பி மட்டும் கண்டுபிடித்த சட்டமில்லை இது. 2017-ல் ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா’ என்ற கேம் வந்தது. அதில் முகங்கள் சிரிக்கத் தெரியாமல் சிரித்தன. உடனே ரசிகர்கள் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, இவர்தான் அந்த அனிமேஷனுக்குத் தலைவி என்று தீர்ப்பெழுதி வசைபாடினார்கள். அவர் தலைவியே இல்லை என்று கேமைச் செய்த பயோவேர் நிறுவனம் அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2020-ல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற பாத்திரம் ஒரு கொலை செய்தது. குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் போனது. திரையில் வில்லன் நம்பியாரைக் கண்டால் நம்மூர்ப் பாட்டிகளும்தான் மண்ணை வாரித் தூற்றினார்கள். அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தம்பியின் ரிங்டோன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேமில் வரும் கைல் என்ற பாத்திரத்தின் இசை. 1991-ல் அதை அமைத்தவர் யோகோ ஷிமோமுரா என்ற பெண். 2020-ல் வந்த புனேக்காரர்களின் ‘ராஜி’யைப் பார்த்து “கிராபிக்ஸ் மாஸ்லே!” என்று கத்தினானே, அந்தக் கேமைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுருதி கோஷ். இவர்கள் பெயரெல்லாம் அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. கேம் நன்றாக இருந்துவிட்டதே.

போன ஆடியில் பெங்களூரிலிருந்து மதினி சாரலுக்கு வந்திருந்தார். கேம் கம்பெனியில் வேலை. லாட்ஜ் வராந்தாவில் தம்பி போனை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

“இந்த கன்னோட ரீகாயில் இருக்கே மதினி, அச்சு அசல்! செஞ்சவன் கையத் தொட்டுக் கும்பிடணும்.”

மதினி கையை நீட்டினார். “கும்பிடு. நான் செஞ்சதுதான்.”

தம்பி சற்று நேரம் அந்தக் கையையே பார்த்தான். “கூட யாரெல்லாம் இருந்தா?”

“நாலு பேரு.”

“ஆம்பளையாளு?”

“ரெண்டு பேரு.”

“அதானே!” என்று தெளிந்து, சுக்குக் காப்பியைக் குடித்தான்.

ராத்திரி வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றான். பன்னிரண்டு மணிக்கு மதினியின் அறைக் கதவைத் தட்டும் சத்தம்.

“மதினி, உங்க கன்னு ரொம்ப உதைக்கு. அங்க யார்ட்டயாவது சொல்லி சரி பண்ணச் சொல்லுங்க.”