வீட்டோடு மாப்பிள்ளை வந்த கதை

பெண் புகுந்த வீட்டுக்குப் போவதா, மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிடுவதா என்ற வழக்கைப் பெரியவர்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்தால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் அதே வழக்கை முப்பது வருஷமாக இழுக்கிறார்கள். பெண் வீட்டார்: டேக் என்ற குறிகளால் வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல். மாப்பிள்ளை வீட்டார்: புரோகிராம்.

பெண் வீட்டாரின் பூர்வீகம் ஜெனிவா பக்கம், செர்ன் ஆராய்ச்சிக்கூடம். 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வலையைப் பற்றித் தன் யோசனையை எழுதிக் கொடுத்தபோது, மேலதிகாரி மைக் செண்டால் அதன் தலையில், தெளிவில்லை ஆனால் சுவாரசியம் என்ற அர்த்தத்தில் ஒரு வரி கிறுக்கினார். ஜோசியர்கள் பல ஜாதகங்களுக்குச் சொல்வதும் இதுதான். 1991-ல் குடும்பத்துச் சொத்து மொத்தமே 18 டேக். படம் கிடையாது, டேபிள் கிடையாது. கழுத்தில் ஒரு குண்டுமணியும் இல்லாத அடக்கமான குடும்பம்.

பக்கங்களைக் கையாலேயே எழுதினார்கள். ஆனால் செர்னில் வலை செல்லுபடியானதற்கு முக்கியக் காரணம் டெலிபோன் டைரக்டரி. பிரபஞ்சத்தின் ஆதி ரகசியத்தைத் தேட வந்த விஞ்ஞானிகள், முதலில் தேடியது பக்கத்துக் கட்டடத்து ஆசாமியின் எக்ஸ்டென்ஷன் நம்பரை. நம்பர்கள் மெயின்ஃபிரேமில் இருந்தன. கேட்கும்போது எடுத்துக் கொடுக்க ஒரு புரோகிராம் வேண்டியிருந்தது. சம்பந்தம் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம் தரகர் வேலை பார்த்து, சிஜிஐ என்ற ஏற்பாட்டைச் செய்தது. யாராவது பக்கம் கேட்டால் சர்வர் ஒரு புரோகிராமை ஓட்டும். அது எதை பிரிண்ட் செய்கிறதோ அதுதான் பக்கம். பெண் புகுந்த வீடு போனாள். பெரும்பாலும் பெர்ல் என்ற புரோகிராம் மொழியின் வீடு.

அங்கே அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடியிருப்பு மேற்கோள் குறிக்குள். அவள் பேச்சிலேயே ஒரு மேற்கோள் குறி வந்தால், அதற்கு முன்னால் ஒரு சாய்கோட்டைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். வாசலில் ‘வருவது எச்டிஎம்எல்’ என்று ஒரு வரி கட்டியம் கூறி, அடுத்த வரியைக் காலியாக விட வேண்டும். அந்தக் காலி வரியை மறந்தால் சர்வர் 500 என்ற எண்ணைக் காட்டிக் கதவைச் சாத்திவிடும். ஒன்றுமில்லாததை எழுத மறந்ததற்குத் தண்டனை! அதற்குள் டேபிளும் வந்திருந்தது. அதை மூட மறந்தால் நெட்ஸ்கேப் பிரவுசர் டேபிள் மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டு சாதுவாக நிற்கும்.

இந்தக் கண்ணீரைத் துடைக்க வந்தவர் லிங்கன் ஸ்டைன், மரபணு ஆராய்ச்சிக்காரர். அவர் எழுதிய லைப்ரரி சிஜிஐ.பிஎம். டேக் ஒவ்வொன்றையும் ஒரு ஃபங்ஷனாக்கினார். சரக்கை உள்ளே போட்டால் திறப்பு டேக், மூடும் டேக் இரண்டும் தானாக வரும். டேபிள் அறைக்கான ஃபங்ஷனிடம் பத்துப் பெயர் கொண்ட பட்டியலைக் கொடுத்தால் பத்து அறை கட்டித் தரும். மூட மறப்பது என்ற பேச்சே இல்லை.

பேர் வைப்பதில்தான் தகராறு. டேபிள் வரிசைக்கான டேக் ‘டிஆர்’. பெர்ல் வீட்டில் அதே பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். எழுத்துக்கு எழுத்து மாற்றித் தரும் கட்டளை. மூத்த ஓரகத்தி, அசைய மாட்டாள். புது மருமகள்தான் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிக்கொண்டு அனுசரித்துப் போனாள். அனுசரித்துப் போனதற்குப் பரிசு: 1997-ல் வந்த பெர்ல் 5.004 முதல் சிஜிஐ.பிஎம் பெர்லோடு கூடவே வர ஆரம்பித்தது.

இதற்கிடையே கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் பயோடேட்டாவை யார் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்று அறிய எழுதிய கருவிகளை 1995-ல் வெளியிட்டார். அதுவே வளர்ந்து பிஎச்பி ஆயிற்று. இங்கே ஏற்பாடு தலைகீழ்: மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட்டான். பக்கம் முழுக்கப் பெண் வீட்டாருடையது. கேள்விக்குறி போட்ட அடைப்புக்குள் மட்டும் அவன் வாயைத் திறக்கலாம். ஆரம்பத்தில் ஃபங்ஷன்களைப் பெயரின் நீளத்தை வைத்து அறை அறையாகப் பிரித்திருந்தார்களாம். ஒரே அறையில் கூட்டம் சேராமலிருக்க, பெயர்களை வெவ்வேறு நீளத்தில் வைத்ததாக லெர்டார்ஃபே பின்னால் ஒப்புக்கொண்டார். ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்கேர்ஸ்’ என்ற ஆங்கிலத்தில் 16 எழுத்துப் பெயரின் ரகசியம் இதுதான். சத்திரத்தில் இடம் பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்த முதல் தகப்பன்.

மாப்பிள்ளை போகப் போக நடுக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். டேட்டாபேஸ் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் டேபிளுக்கு நடுவே கிடந்தன. பெரியவர்கள் கூடித் தனிக்குடித்தனம் என்றார்கள். அதற்குப் பெயர் டெம்ப்ளேட். எச்டிஎம்எல் ஒரு ஃபைலில், புரோகிராம் வேறு ஃபைலில். ஆனால் பட்டியல் காட்ட ஒரு லூப் வேண்டாமா? விருந்தாளி உள்ளே வந்தாரா என்று பார்க்க ஒரு இஃப்? இப்படியே புறவாசல் வழியாக மாப்பிள்ளை மறுபடி உள்ளே. டெம்ப்ளேட்டாகவே பிழைப்பைத் தொடங்கிய பிஎச்பிக்கு, ஸ்மார்ட்டி என்று தனியாக ஒரு டெம்ப்ளேட் லைப்ரரி வந்ததெல்லாம் அந்தக் காலத்துக் கூத்து.

2013-ல், பிஎச்பி சோறு தின்று வளர்ந்த ஃபேஸ்புக்கே ரியாக்ட் என்ற லைப்ரரியைக் கொண்டுவந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு உள்ளேயே டேக் எழுதலாம். மறைவில் ஒவ்வொரு டேக்கும் ஃபங்ஷன் அழைப்பாக மாறும். கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். தனிக்குடித்தன தர்மம் என்ன ஆவது? பிறகு அவர்களே வரிசையில் நின்று மொய் எழுதினார்கள். வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பியாயிற்று. பெண்ணும் புகுந்த வீட்டுக்கு.

இரண்டு வருஷம் கழித்து, 2015-ல் பெர்ல் 5.22 வந்தபோது, சிஜிஐ.பிஎம் கூடவே வருவது நின்றது. 18 வருஷக் குடித்தனம். டேக் ஃபங்ஷன்களை இனிமேல் தொட வேண்டாம் என்று அதன் கையேடே சொல்லிவிட்டது. அந்த மருமகளின் கைப்பக்குவம் எதிர் வீடான ரியாக்டில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது.

எதிர் வீட்டில் என்ன நடந்ததென்றால், எச்டிஎம்எல்லில் ‘கிளாஸ்’ என்று ஒன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் வீட்டில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். அதனால் புதிதாக வந்தவளுக்கு ‘கிளாஸ்நேம்’ என்று பெயர் வைத்தார்கள்.

மூட்டை கட்டிக்கொண்டு படியிறங்கிய பழைய மருமகள் எதிர் வீட்டுத் திண்ணையில் அவளைப் பார்த்துக் கேட்டிருப்பாள்: “உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கடி?”