ஈரூர்ச் சஞ்சாரி

பாரிஸில் ஐந்து நாள், ரோமாபுரியில் ஐந்து நாள் என்று ஐரோப்பிய யாத்திரையைச் செம்மையாக வகுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே மூன்று நாட்களைப் ‘பிரான்ஸில் ஒயின் விளையும் ஓர் ஊர்’ என்று மட்டும் குறித்துவிட்டு, அந்த ஊரின் பெயரை எழுத வேண்டிய இடத்தை மாதக்கணக்கில் வெற்றிடமாகவே காப்பாற்றி வரும் கனவான் ஒருவர் உண்டு. அவருக்கு ஈரூர்ச் சஞ்சாரி என்று நாமகரணம் செய்வோம். அவர் லண்டன்வாசியாக இருக்கலாம். பாஸ்டன்வாசியாகவோ ஆம்ஸ்டர்டாம்வாசியாகவோ இருந்தாலும் வியப்பில்லை. இந்தக் கூட்டத்தாருக்குத் தேசபேதம் கிடையாது. பர்கண்டிப் பிரதேசத்துப் போன் நகரமா, அல்சாஸ் பிரதேசத்துக் கோல்மார் நகரமா என்ற ஒரே வினாவில் அவருடைய சித்தம் லயித்திருக்கும்.

அவர் கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு. இடப்புறம் போன், வலப்புறம் கோல்மார். இடப்புறத்தில், பர்கண்டிக் கோமகனின் பிரதம மந்திரியாக விளங்கிய நிக்கோலா ரோலன் 1443-இல் ஏழை நோயாளிகளுக்கென்று ஸ்தாபித்த தர்ம ஆஸ்பத்திரியும், அதன் கூரையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோலமிட்டாற்போல் பதித்த மெருகோடுகளும், புண்ணியவான்கள் அதற்குத் தானமாக எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் ஒயினை 1859 முதல் ஏலம் விடும் வழக்கமும் இடம் பெற்றிருக்கும். உடனே வலப்புறத்தில், 1537-இல் கட்டிய பிஃபிஸ்டர் மாளிகையின் மர உப்பரிகையும், வெனிஸின் பெயரைச் செல்லமாகச் சூட்டிக்கொண்ட கால்வாய்க் கரை வீடுகளும், நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவியைப் படைத்த சிற்பி பர்த்தோல்டி 1834-இல் கோல்மாரில் பிறந்த செய்தியும் ஏறிவிடும். பர்த்தோல்டி ஒருவரால் வலப்புறம் கனத்துவிட்டதே என்று இரவெல்லாம் புரண்டு, கணித மேதை காஸ்பார் மோன்ஜ் 1746-இல் போன் நகரில் பிறந்தவர் என்பதைக் கண்டுபிடித்து இடப்புறத்தில் எழுதிய பிறகுதான் அவருக்கு நித்திரை கூடும். போன் நகரத்துக் கடுகுச் சாந்துக்குக் கோல்மாரின் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஈடு. ஆக, கணக்கு நேர்.

இந்தத் தராசு சாயாதிருப்பதற்கு ஊர்களும் உடந்தையாக இருக்கின்றன என்றே சொல்ல வேண்டும். போன் ஆஸ்பத்திரியில், படுக்கையில் கிடக்கும் ஏழைகள் பார்ப்பதற்கென்று ரோகியர் வான் டெர் வெய்டன் தீட்டிய இறுதித் தீர்ப்புச் சித்திரம் இருக்கிறது. கோல்மாரிலோ, பூஞ்சை பற்றிய ரை தானியத்தைத் தின்று அங்கம் எரிந்து அழுகிய நோயாளிகளைப் பராமரித்த இசன்ஹைம் மடத்துக்காக, 1512-க்கும் 1516-க்கும் இடையில் மத்தியாஸ் குரூனவால்ட் எழுதிய பலிபீடச் சித்திரம் இருக்கிறது; நோயாளியின் மேனியில் கண்ட புண்கள் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் மேனியிலும் இருப்பதைக் காட்டி ஆறுதல் சொன்ன ஓவியம் அது. இரண்டும் மகத்தானவை; இரண்டும் பிணியாளருக்காகவே பிறந்தவை. தீர்மானம் செய்ய மாட்டாமை என்ற பிணிக்கு மட்டும் இரு ஊரிலும் எவரும் சித்திரம் எழுதி வைக்கவில்லையே என்று நாம் அங்கலாய்க்கும்போது, அவரோ போன் சித்திரத்தின் மத்தியில் ஆத்மாக்களை நிறுக்கும் தேவதூதர் மிக்கேலின் படத்தைக் காட்டி, “பாருங்கள், நிதானமாக நிறுப்பதில் என்ன தவறு?” என்று கேட்பார். அந்தத் தராசில் ஒரு தட்டு ஐயத்துக்கிடமின்றித் தாழ்ந்திருப்பது அவருடைய கண்ணில் படுவதில்லை.

அவர் நம்மிடம் அபிப்பிராயம் கேட்பார். கேட்பவரின் விநயத்தைக் கண்டு ஏமாந்து, “போனுக்கே போங்கள், ஊரின் அடியில் முழுக்க ஒயின் நிலவறைகள்” என்று சொல்லிவிட்டால், அடுத்த அரைமணி நேரம் அவர் கோல்மாரின் வக்கீலாகிவிடுவார். வோஸ்ஜ் மலைத்தொடர் மழைமேகங்களை மேற்கிலேயே தடுத்துவிடுவதால் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் கோல்மார் ஒன்றென்றும், நிலவறையில் சூரியன் ஏதென்றும் சாங்கோபாங்கமாக வாதிப்பார். அதை ஒப்புக்கொண்டு, “அப்படியானால் கோல்மாருக்கே போய்விடுங்கள்” என்றாலோ, முகம் வாடிப்போய், “இவ்வளவு அவசரப்பட்டுச் சொல்லலாமா?” என்பார். அவருக்குத் தேவை ஆலோசனை அன்று, எதிர்க்கட்சி. 1871-இல் ஜெர்மனியிடமும், 1918-இல் பிரான்ஸிடமும், 1940-இல் மறுபடி ஜெர்மனியிடமும், 1945-இல் திரும்பவும் பிரான்ஸிடமுமாகக் கோல்மார் கைமாறியபோது, ‘உங்களுக்கு எது சம்மதம்?’ என்று அவ்வூராரை எவரும் உபசாரமாகக்கூடக் கேட்கவில்லை. உலகமே மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்கும் இவரோ ஒரு ரயில் டிக்கெட்டுக்குப் பதில் சொல்ல மாட்டாமல் நிற்கிறார்.

பாரிஸில் அவர் தங்கும் விடுதியைக் கண்டாலே அவருடைய அந்தரங்கம் விளங்கிவிடும். பர்கண்டி ரயில்கள் லியோன் ஸ்டேஷனிலிருந்தும், அல்சாஸ் ரயில்கள் கிழக்கு ஸ்டேஷனிலிருந்தும் புறப்படுகின்றன. எந்தப் பக்கமும் ஓரவஞ்சனை செய்தவராகக் கூடாதென்று, இரண்டுக்கும் இடைப்பட்ட ரெபுப்ளிக் சதுக்கத்தருகே அவர் அறை எடுத்திருப்பார். “இரண்டு ஊரையும்தான் பாருங்களேன், போன் பக்கத்தில் ஏறினால் பெசான்சோன், பெல்ஃபோர் வழியாக மூலூஸ் வரை ஒரே நெடுஞ்சாலை, அங்கிருந்து கோல்மார் கூப்பிடு தூரம்” என்று யாரேனும் வழி காட்டினால், அவர் திடுக்கிட்டுப் போவார். இரண்டையும் பார்த்துவிட்டால் பிறகு எதைத் தவறவிட்டோம் என்று நினைத்து உருகுவது?

முடிவில் டிக்கெட் வாங்குகிறவள் அவருடைய சகதர்மிணி. போன் வந்து சேர்கிறார்கள். அம்மாள் மெருகோட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து மெய்மறந்து நிற்க, ஐயா அதே முற்றத்தில் நின்றபடி கைபேசியில் கோல்மாரின் அன்றைய வானிலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். மத்தியான போஜனத்துக்கு உட்கார்ந்ததும் விதி வேறு வடிவில் வருகிறது. அல்சாஸில் புட்டியின் மேல் திராட்சையின் பெயர் இருக்கும். பர்கண்டியிலோ நிலத்தின் பெயர்தான் இருக்கும். அப்படிப் பெயரும் எல்லையும் வகுக்கப்பட்ட தோட்டத் துண்டுகள் அப்பிரதேசத்தில் 1,200-க்கும் மேல். 2015-இல் யுனெஸ்கோவே அவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்துவிட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டாத மனிதர் முன்னே ஒயின் பட்டியலைப் பரிசாரகர் விரித்து வைத்ததும், அவர் நடுங்கும் விரலால் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “ரீஸ்லிங் இருக்கிறதா?” என்று ஈனஸ்வரத்தில் கேட்கிறார்.

பரிசாரகர் தலை தாழ்த்தி, “மன்னிக்க வேண்டும் ஐயா. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே, இவைதான் எங்கள் மண்ணுக்குரியவை. ரீஸ்லிங் அருந்தத் தாங்கள் அல்சாஸுக்குப் போயிருக்க வேண்டும்” என்கிறார்.

“கேட்டாயா?” என்று மனைவி பக்கம் வெற்றி முகத்தோடு திரும்புகிறார் நம்மவர். “உள்ளூர்க்காரரே சொல்கிறார், நாம் அல்சாஸுக்குப் போயிருக்க வேண்டுமாம்!”

“நீங்கள் முதலில் சாப்பிடுங்கள்” என்கிறாள் அந்தப் புண்ணியவதி. அவளுடைய கோப்பையில் பாதி காலியாகிவிட்டது.

இப்படிப்பட்டவரை நாம் பரிகசிப்பது எளிது. ஆனால் அவரால் உலகத்துக்கு விளையும் உபகாரத்தையும் மறைக்கலாகாது. போன் நகரைக் கண்டு திரும்பிய ஈரூர்ச் சஞ்சாரி ஆயுள் முழுவதும் கோல்மாரின் புகழைப் பாடுவார். கோல்மாருக்குப் போய்வந்தவரோ போனைக் கொண்டாடுவார். ஆதலால் ஓர் ஊரின் சிறப்பைக் குறைவறத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அவ்வூருக்குப் போகாத சஞ்சாரியையே அணுக வேண்டும். போய்வந்தவர்களை விசாரித்தால், அவர்கள் ஹோட்டல் வாடகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.