பொரிசட்டிக் கொள்கை: காவிரிப் படுகை பார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தஞ்சை வட்டாரத்தில் ஒருவர், வழியில் இருக்கும் பார்களையெல்லாம் தாண்டி, தனக்கென்று வரித்துக்கொண்ட ஒரே பாருக்குப் போவது ஏன்? பீருக்காக என்பது பாமரக் கருத்து. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். கடைக்குக் கடை அதே 650 மில்லி பாட்டில், அதே அச்சிட்ட விலை. பக்கத்துப் பார் மட்டும் தனியார் டெண்டர் எடுத்தது. தின்பண்டம்தான் அவர் பாடு. எங்கும் ஒன்றாயிருக்கும் பீர் யாரையும் ஓரிடத்துக்கு இழுக்காது. ஆகவே காரணம் சட்டியில் இருக்கிறது.

மூலச் சான்று பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், கள் விற்கும் கொடியைக் காட்டுமுன், மீனும் இறைச்சியும் அறுத்துப் பொரிக்கும் ஓசையைக் கேட்கவைக்கிறார். முதலில் சட்டி, பிறகே கொடி. பசியோடு படிப்பவர் கண்ணில் இந்த வரிசை தப்பாது.

களச் சான்று, வாய்க்காலோரத்துக் கீற்றுக் கொட்டகை ஒன்று. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்ததும் இங்கே கெண்டைப்பொடி வரத் தொடங்கும். செதில் உரசி, குடல் பிதுக்கி, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டி ஊறவைத்துத் பொரிசட்டியில் முறுகப் போடுவார் மாஸ்டர். முள்ளோடு மெல்ல வேண்டும். முள் எடுப்பவரை வெளியூர்க்காரர் என்று குறித்துக்கொள்ளலாம். கடைசியில் கிள்ளிப்போடும் கறிவேப்பிலை வெடிக்கும்போது மேசையில் பேச்சு நிற்கிறது. ஐப்பசி மழையில் குறுவை நெல்லைக் கொண்டுபோய், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடப்பட்டவரும் அரை நிமிடம் வாய் மூடுகிறார்.

சுண்டல், மாங்காய்க் கீற்று, ஆஃபாயில் ஆகியவை துணைச் சான்றுகள். ஊறுகாய்ப் பாக்கெட் ஆய்வில் சேராது. அதுவும் பீர் போலவே ஆலைச் சரக்கு.

எதிர்த்தரப்பினர் ‘கூலிங்’ மரபினர். குளிர்ச்சிதான் காரணம் என்பார்கள்.

“தம்பி, கூலிங் இருக்கா?”

“இப்பதாண்ணே உள்ள வச்சோம்.”

இந்த விடை திருவையாறு முதல் மன்னார்குடி வரை ஒன்றே. மாறாத ஒன்று வேறுபாட்டுக்குக் காரணமாகாது. அம்மரபு இத்துடன் விழுகிறது.

இறுதிச் சோதனை தானாகவே நடந்தது. முதலாளியோடு முறைத்துக்கொண்ட மாஸ்டர் பாபநாசம் பக்கம் வேறொரு பாருக்குப் போய்விட்டார். பீர் அதே பீர், நாற்காலி அதே நாற்காலி. கொட்டகையில் பாதி காலி. ஆய்வாளரும் இப்போது பாபநாசம் பஸ்ஸில்தான் போய்வருகிறார். அந்த டிக்கெட்டை ஆய்வுச் செலவில் எழுதுவதா, சைட் டிஷ் கணக்கில் எழுதுவதா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.